ஒரு மனையில் எத்தனை அடுப்பு?

திருப்பதி மாவட்டத்தில் புத்தூருக்கு அண்மையில் உள்ள நாராயணவனம், பத்மாவதித் தாயாரை வேங்கடவன் கைத்தலம் பற்றிய ஊர் என்பது புராண வழக்கு. அத்திருமணத்திற்காகக் குபேரனிடம் பெற்ற கடன் இன்றளவும் தீர்ந்தபாடில்லை என்பர். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்னும் பழமொழியின் பிற்பாதிக்கு நாராயணவனம் சான்று என்றால், முற்பாதிக்கு ஸ்கார்பரோவில் வாழும் நாம் சான்று. வங்கிக்குப் பல்லாண்டுத் தவணை கட்டும் குடும்பங்கள் நம்முள் எத்தனை!

ஆதலின், டொராண்டோ மாநகர மன்றம் மனை விதிகளைத் தளர்த்துந்தோறும் நம் இல்லங்களில் வாதம் எழுவது இயல்பே. ஒரு குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்த மனைகளிலும் நான்கு குடியிருப்புகள் வரை அமைக்கலாம் என 2023 மே மாதத்தில் மன்றம் விதி செய்தது. 2025 ஜூனில் ஆறு வரை இசைந்தது. ஆயின் 25 தொகுதிகளுள் 9 தொகுதிகளுக்கே அந்த இசைவு. ஸ்கார்பரோ வடக்கு அவற்றுள் ஒன்று. ஸ்கார்பரோவின் ஏனைய தொகுதிகள் அன்று அதில் சேரவில்லை.

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்துகையில் இதுவே பேச்சு. "அடுத்த மனையில் ஆறு குடும்பம் வந்தால் கார்களை எங்கே நிறுத்துவது? மழைநீர் எவ்வழி போகும்? பள்ளியில் இடம் உண்டா?" என்றார் பெரியவர் ஒருவர். "மாமா, நான் வளர்ந்த தெருவிலேயே எனக்கு இன்று வாடகைக்குக்கூட வீடு கிட்டவில்லையே!" என்றார் கைக்குழந்தையுடன் நின்ற இளந்தாய். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இருவருக்கும் நினைவூட்ட வேண்டிய செய்தி ஒன்றுளது.

தடை விதித்தால் நெருக்கம் குறைந்துவிடாது. அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொள்ளும். 1998இல் டொராண்டோவுடன் இணையும் முன் தனி நகராக இருந்த ஸ்கார்பரோவில், அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகளுக்கு இடமில்லை. இணைந்த பின்னும் 2024 மார்ச் 31 வரை அத்தடை நீடித்தது. அவ்வீடுகள் இல்லாமற் போயினவா? ஆய்வாளர் கண்ணுக்கு மட்டுமே இல்லாமற் போயின. 2018 மே மாதத்தில் அத்தகைய வீடு ஒன்றில் தீ மூண்டு, பதினெட்டு வயதுப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். மறைந்து வாழ்பவர், புகையறி கருவி வேண்டுமென்று கேட்கவும் அஞ்சுவர். வந்த புதிதில் பேஸ்மெண்டில் குடியிருந்த நம்மவர் பலர் அவ்வச்சத்தை அறிவர்.

மீண்டும் நாராயணவனத்தை நினைப்போம். அது நெசவாளர் ஊர். தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில்தான் நெசவாளர் குடும்பம் வாழ்வது. நம் புறநகர் விதியைக் கொண்டு அளந்தால் அத்தகைய வீட்டிற்கு அனுமதி கிடைப்பது அரிது. எனினும் அங்கே வளர்ந்தோர் அதனை நெருக்கடி என்று சொல்வதில்லை, உறவு என்பர். அதற்காக விதியே வேண்டா என்று நாம் கூறவில்லை. கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி ஏறினால் அண்டை வீட்டார் உறக்கம் கெடும். விதி வேண்டும், ஓசையையும் நெருப்பையும் வெள்ளத்தையும் தடுக்கும் விதி வேண்டும். மனிதரைத் தடுக்கும் விதி வேண்டா.

ஆகவே நேயர்களுக்கு நாம் வேண்டுவன இரண்டு. நும் தெருவில் புதுக்கட்டடம் பற்றிய கூட்டம் நிகழுமாயின் தவறாது செல்க. வடிகால் எங்கே, தீ மூண்டால் வெளியேறும் வழி எங்கே, குப்பைத் தொட்டி எங்கே என்று உரக்கக் கேட்க. 'வருபவர் யார்?' என்று மட்டும் கேளற்க. ஒரு காலத்தில் நம்மைக் குறித்தும் அக்கேள்வி எழுந்தது.

மற்றொன்று, பேஸ்மெண்டை வாடகைக்கு விட்டிருப்போர் இவ்வாரமே கீழே இறங்கிச் சென்று புகையறி கருவியின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க. அது ஒலிக்கிறதா? அவசரத்தில் ஒருவர் வெளியேறும் அளவிற்குச் சாளரம் திறக்கிறதா? அங்கே உறங்குவதும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே.