தகரக் கூரையா, கொடிப் பந்தலா?



கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பத்தைந்து நிமிடம் பேசிப் பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டுப் புறவாசல் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறிவிட்டது. என்னைக் கேட்காமலே. சித்திரை மாதம் ஏணியில் ஏறிப் பீர்க்கங்காய் பறித்துவிட்டு இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டேன். கணுக்கால் வீங்கிப் பத்து நாள் கட்டிலில் கிடந்தேன். அதைக் கேட்ட மகன், "அப்பா, அந்தப் பந்தலப் பிரிச்சிப் போட்டுட்டு, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, மேல தகரம் போட்ருவோம். பாம்பு பயமும் கிடையாது, உங்களுக்கு வேலையும் கிடையாது" என்கிறான். அவனுடைய அத்தைமார் இரண்டு பேரும் அவன் கட்சி. மருமகன் தகரத்துக்கு விலையே விசாரித்துவிட்டார்.

மகன் சொல்வதில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நான் எதிர்க்கட்சி. ஏன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், உங்களுக்கும் உதவும்.

முதலில் என் தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெளியூரில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அணுமின் நிலையத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஊர்க்காரனைக் கேட்டால் அவன் முதலில் காற்றைச் சொல்வான். வைகாசி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து புறப்பட்டு வரும் காற்று புரட்டாசி வரை ஓயாது. இத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழை நமக்கு இல்லை, காற்று மட்டும்தான் நம் பங்கு.

இதெல்லாம் தெரிந்த நானே, ஓய்வு பெற்ற வருடம் ஒரு நர்சரியில் படத்தைப் பார்த்து மயங்கி, ரங்கூன் மல்லி வாங்கி வந்தேன். மேற்குக் காம்பவுண்டுச் சுவர் மேல் ஜி.ஐ. பைப்பில் எட்டடிச் சட்டம் அடித்து ஏற்றிவிட்டேன். இரண்டு வருடத்தில் நன்றாகப் படர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்தது. தெருவே நின்று பார்த்தது. மூன்றாவது வருடம் ஆனி மாதம் ஒரு ராத்திரி, கொடியும் சட்டமும் இரண்டு வரி ஹாலோ பிளாக்கும் சேர்ந்து விழுந்தன. காலையில் வந்து பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார்: "சாரு, காத்து வார தடத்த மறிச்சா அது தள்ளத்தான செய்யும்? கெழக்க கொண்டு வைங்க."

முப்பது வருடம் அறிவியல் நடத்தியவனுக்கு ஆச்சி எடுத்த பாடம் இது. காற்றுக்கு எதிரே இலை அடர்ந்த சுவரை நிறுத்தினால் அது கொடியில்லை, பாய்மரம். கிழக்கே வைத்தால் வீடே காற்றை மறைத்துக்கொள்ளும். காலை வெயில் கிடைக்கும், பிற்பகல் வெயில் அடிக்காது. நம் ஊரில் கொடி வளராது என்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் திசையில வச்சீங்க?" என்பதுதான்.

இரண்டாவது கேள்வி, அது எப்படி ஏறும் கொடி? ஒன்பதாம் வகுப்பில் பற்றுக்கம்பிப் படம் வரைந்தது நினைவிருக்கிறதா? இதை டார்வின் உட்கார்ந்து வேலை மெனக்கெட்டு ஆராய்ந்தார். 1865-இல் கட்டுரையாக எழுதி, 1875-இல் புத்தகமாகவும் போட்டார். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த நாட்களில் தன் அறையில் தொட்டிக் கொடியை வைத்துக்கொண்டு, அதன் நுனி சுற்றிச் சுற்றிப் பிடிமானம் தேடுவதைக் கவனித்த மனிதர் அவர். கட்டிலில் கிடந்த பத்து நாளும் ஜன்னல் வழியே என் கோவைக் கொடியைப் பார்த்தபோது அவர் நினைப்புதான் வந்தது.

அவர் சொன்ன வகைகளை நம் ஊர்ச் செடிகளில் சொல்கிறேன். சங்குப்பூவும் அவரையும் தண்டாலேயே சுற்றி ஏறும். அதற்கு நின்ற கம்போ கயிறோ போதும். பாகல், பீர்க்கு, புடலை, கோவை, பிரண்டை எல்லாம் பற்றுக்கம்பியால் பிடிக்கும். அதற்கு மெல்லிய பிடி வேண்டும். மூன்று அங்குல பைப்பைக் கொடுத்தால் குழந்தை கையில் தென்னை மரத்தைக் கொடுத்தது போல. வெற்றிலையும் மணி பிளாண்டும் வேரால் ஒட்டும். அவற்றுக்கு நிழலும் ஈரமும் வேண்டும், நம் வெட்டவெளிக்கு ஆகாது. காகிதப்பூ முள்ளை மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும், நாம்தான் கட்டிவிட வேண்டும். செங்காந்தள் இலை நுனியால் பிடிக்கும். நம் மாநில மலர், அழகுதான். ஆனால் கிழங்கும் விதையும் கொடிய விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பது என் கட்சி.

இன்னொரு விஷயம். பாகல் கொடியின் பற்றுக்கம்பியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருண்டிருக்கும். பாதி தூரம் ஒரு பக்கமாகச் சுருண்டு, நடுவில் திரும்பி, மீதி எதிர்ப் பக்கமாகச் சுருளும். இரண்டு முனையும் பிடிபட்ட பிறகு சுருள வேண்டுமானால் அப்படித்தான் முடியும். இந்தச் சுருள்தான் ஸ்பிரிங். பலத்த காற்றடித்த ஒரு நாள் டார்வின் வேலியோரம் போய், பிரையோனி என்ற கொடி என்ன ஆகிறது என்று பார்த்தார். அது நம் கோவை, பாகலின் சொந்தக்காரக் கொடி. சுற்றியிருந்த கிளைகளைக் காற்று அலைக்கழித்தது. அந்தக் கொடி மட்டும் நங்கூரம் போட்ட கப்பலைப் போல ஆடிக்கொடுத்து அப்படியே நின்றது. அப்படியானால் காற்றடிக்கும் நம் ஊருக்கு எது பொருத்தம்? நர்சரிப் படமா, வேலியில் கேட்பாரற்றுக் கிடக்கும் கோவையா?

என் சிபாரிசு இதுதான். முதல் கொடி பிரண்டை. மூன்று கணு உள்ள துண்டை இரண்டு நாள் நிழலில் காயவைத்து ஊன்றுங்கள். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது. துவையலுக்கு ஆய்கிறபோது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அரிக்கும். அடுத்தது கோவை. விதை போடாதீர்கள். கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காய்க்கிற கொடியிலிருந்து விரல் தடிமன் தண்டு வாங்கி வையுங்கள். மூன்றாவது சங்குப்பூ. விதையை ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும். பயறு வகையாகையால் மண்ணுக்கும் நல்லது.

பீர்க்கு, பாகல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது ஆடியில் மழை கிடைக்கும் ஊருக்குச் சரி. இங்கே ஆடியில் தளிர் கருகும். புரட்டாசிக் கடைசியில் போடுங்கள், ஐப்பசி மழை தூக்கிவிடும். அதைத் தவறவிட்டால் தை. பூ உதிர்கிறது என்று பதறி எனக்குப் போன் செய்யாதீர்கள். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, உதிரத்தான் செய்யும். அடியில் குட்டிக் காயோடு வருவதுதான் பெண் பூ. காற்று நாட்களில் தேனீ அதிகம் வராது, நீங்களே ஆண் பூவைப் பறித்துத் தொட்டுவிடுங்கள். பாகலுக்குக் காலையில், பீர்க்குக்கும் சுரைக்கும் சாயங்காலம், பூ விரியும் நேரம் பார்த்து.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டியின் விளிம்பில் வெள்ளை படிந்தால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு, அடியில் வடியும்வரை ஊற்றுவது நல்லது. வேர்ப் பக்கம் தென்னை மட்டையும் சருகும் போட்டு மூடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடைக்கு விடாதீர்கள்.

இப்போது மகனுக்குப் பதில்.

பாம்பு கொடியைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. பந்தலுக்கு அடியில் விறகு, பழைய சாமான் அடுக்காமல், தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை இலையைக் கிள்ளிவிட்டால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இடிந்தகரைப் பக்கத்திலிருந்து பழைய வலை வாங்கிக் கட்டுகிறவர்கள் பெரிய கண்ணி பார்த்து வாங்குங்கள். சிறு கண்ணியில் ஓணானும் குருவியும் சிக்கிச் சாகும்.

தகரத்தின் கீழ் நம் ஊர் வெயிலில் மத்தியானம் பத்து நிமிடம் உட்கார்ந்து பார். அதுவும் நிழல்தான், ஆனால் சூட்டை வாங்கிக் கீழே இறக்கும் நிழல். இலை அப்படியில்லை, நீரை ஆவியாக விட்டுத் தன்னையும் குளிர்த்துக்கொண்டு நம்மையும் குளிர்விக்கும். உன் அம்மா நான்கு மணிக்குக் காய் நறுக்க உட்காருவது அங்கேதான். ஆச்சியும் எதிர்வீட்டு அக்காவும் வந்து பேசிக்கொண்டிருப்பது அங்கேதான். நீ சென்னைக்குப் போன பிறகு இந்த வீட்டில் நாலு பேர் குரல் கேட்பது அந்த ஒரு இடத்தில்தான். தீர்மானத்தைப் படித்துவிட்டு உன் அம்மா கேட்டது ஒன்றுதான்: "தகரம் போட்டா சாயங்காலம் நாங்க எங்க உக்கார?" உனக்கு வேலை மிச்சம் என்று தோன்றுவதுதான் எங்களுக்குப் பொழுது.

ஆனால் ஏணி விஷயத்தில் நீ சொன்னது சரி. ஒத்துக்கொள்கிறேன். பந்தலை ஆறடிக்கு இறக்கப் போகிறேன், நின்றபடியே பறிக்கலாம். நடக்கிற வழிக்கு மட்டும் சொரசொரப்பான கல் போடு, வழுக்காது. ஏணியை மருமகனே எடுத்துப் போகட்டும். தகரம் வேண்டாம்.

வீடு கட்டும் பிள்ளைகளே, கடைசியாக ஒன்று. மனை முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டு, பிறகு தொட்டி வாங்க அலையாதீர்கள். கிழக்குப் பக்கம் ஆறடி மண்ணை விட்டுவையுங்கள். ஆறடி என்றதும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வாத்தியார் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறேன்!

ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். ஆளுக்கு மூன்று கணு பிரண்டை உண்டு.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் சார்