பாட்டி எங்கே நிற்பது?

வீட்டில் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறதா? சந்தோஷம்! மண்டபம் பார்த்தாயிற்று. சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. நாதஸ்வரக்காரரிடமும் பேசி முடித்தாயிற்று. அடுத்தபடி போட்டோக்காரர் வந்து உட்கார்ந்து, "டிரெடிஷனலா, கேண்டிடா?" என்று கேட்பார். "இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் சொல்லும் தொகையைக் கேட்டதும் குடிக்கத் தண்ணீர் கேட்பீர்கள்.

பயப்படாதீர்கள். விஷயம் எளிதுதான். எல்லோரையும் நிறுத்தி, "இங்கே பாருங்கள், சிரியுங்கள்" என்று சொல்லி எடுப்பது முதல் வகை. நாம் அறியாத நேரத்தில், நாம் இருக்கிறபடியே எடுப்பது இரண்டாவது வகை.

முதல் வகைக்குக் காரணம் சிக்கனம். சதுரப் படம் விழும் பெரிய பிலிம் சுருளில் 12 படந்தான் எடுக்கலாம். ஒன்றில் யாராவது கண்ணை மூடிவிட்டால் காசு போயிற்று! ஆகவேதான் அந்த விறைப்பு, அந்த வரிசை. 1925-ல் ஜெர்மனியில் கைக்கடக்கமான லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளில் 36 படம். அந்தக் காமிராவைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன், வாழ்க்கையை அது நடக்கிறபோதே பிடிக்கலாம் என்று காட்டினார். 1948-ல் காந்திஜியின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தவர் அவர். இன்று டிஜிடல் காமிராவில் சுருளும் இல்லை, கணக்கும் இல்லை. ஒரு கலியாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறார்கள்.

என் கலியாணத்துக்கு நான் இரண்டாவது வகையைத்தான் பிடிவாதமாகக் கேட்டேன். "எல்லோரும் நிற்கிற படம் ஒன்றாவது இருக்கட்டுமே, அம்மா" என்றார் அப்பா. "அதெல்லாம் பழைய காலம், அப்பா" என்று சிரித்தேன்.

முகூர்த்தத்தன்று பச்சைப் பட்டுடுத்தி, தலையில் பூ வைத்துக்கொண்டு பாட்டி வந்தாள். அம்மாவைப் பெற்றவள். "ஏண்டி, போட்டோவுக்கு நான் எங்கே நிற்கணும்?" என்று கேட்டாள்.

"எங்கேயும் நிற்க வேண்டாம், பாட்டி. இருக்கிற இடத்திலேயே இரு. அவரே எடுத்துக்குவார்" என்றேன்.

படங்கள் வந்தன. 2,400! குறை சொல்ல மாட்டேன். கன்னிகாதானத்தின்போது அப்பா அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்று நான் பார்க்கவில்லை, காமிரா பார்த்திருக்கிறது. அந்த ஒரு படத்துக்கே கொடுத்த பணம் தகும்.

எட்டு மாதம் கழித்துப் பாட்டி காலமானாள். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று 2,400-ஐயும் புரட்டினோம். தாலி கட்டும் படத்தில் என் தோளுக்குப் பின்னால் பச்சையாக ஒரு கறை. அதுதான் பாட்டி.

போட்டோக்காரர்மேல் பிழை இல்லை. மண்டபத்து வெளிச்சம் போதாதபோது லென்ஸின் வாயை அகலத் திறந்து எடுக்கிறார்கள். அப்போது கூர்மை ஒரு சிறிய தூரத்துக்குள்ளேதான் நிற்கும். மணப்பெண்ணின் இமைமயிர் எண்ணும்படி தெரியும். நாலடி பின்னால் நிற்பவர் கரைந்துபோவார். அழகுக்காகவும் அப்படி எடுப்பதுண்டு. எடுத்த பிறகு, கரைந்த முகத்தை மீட்க வழியில்லை. யந்திரத்தைக் கொண்டு கூர்மையாக்கினால் வருவது வேறு யாரோ ஒரு பாட்டியின் முகம்!

கடைசியில் 1988-ல் நடந்த என் பெற்றோர் கலியாணத்து ஆல்பத்தை எடுத்தோம். நடுவே வெண்ணெய்த்தாள் வைத்த கனத்த ஆல்பம். அதில் ஒரு குரூப் போட்டோ. பின்வரிசை பெஞ்சின்மேல், குழந்தைகள் ஜமக்காளத்தில், ஆக 31 பேர். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆனால் 31 முகமும் தெளிவு. இடமிருந்து மூன்றாவது, பாட்டி. அப்போது அவளுக்கு வயது 46. அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். சுவரிலுள்ள பாட்டியைவிட இன்று அம்மாவுக்கு வயது அதிகம்!

ஆகவே, கலியாண வீட்டாரே, எந்த வகை என்று தீர்மானிக்குமுன் ஒரு காகிதத்தை எடுத்து, யார் யார் முகம் அவசியம் வேண்டும் என்று பெயர் எழுதுங்கள். மூத்தவர்கள் முதலில். அதைப் போட்டோக்காரரிடம் கொடுத்து, முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் கூட்டம் கலையுமுன் அரைமணி நேரம் வரிசைப் படத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். கூடவே, பெயரெல்லாம் தெரிந்த சித்தப்பா ஒருவரை ஆள் கூட்டிவர நியமியுங்கள். மற்ற நேரமெல்லாம் அவர் இஷ்டம்போல் எடுக்கட்டும். கெட்டிமேளத்தின்போது மட்டும் பெரியவர்களை மறைத்து நிற்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். படங்களை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். நல்லதாக ஐம்பதாவது காகிதத்தில் அச்சுப் போடுங்கள்.

இன்னொன்று. மேடையருகே யாராவது ஒரு பாட்டி, "நான் எங்கே நிற்கணும்?" என்று கேட்டால் தத்துவம் பேசாதீர்கள். கையைப் பிடித்து, "இங்கே, என் பக்கத்தில்" என்று சொல்லுங்கள்.