கம்பி தடிச்சா டோன் தடிக்குமா?

எலக்ட்ரிக் கிட்டாரில் ஒன்பது கேஜ் ஸ்ட்ரிங் போட்டு யாராவது வாசித்தால் போதும், எங்கிருந்தோ ஒரு அண்ணன் வந்துவிடுவார். "டோன் என்னப்பா கொசு கத்துற மாதிரி இருக்கு? பதினொன்னு போடு. ஸ்டீவி ரே வான் பதிமூணு போட்டாரு, தெரியும்ல?" இந்த அறிவுரையில் பாதி இயற்பியல், மீதி மீசை.

இயற்பியலை முதலில் பார்த்துவிடலாம். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புச் சுருளும்தான். காந்தம் தன் மேலே ஓடும் எஃகு ஸ்ட்ரிங்கையும் காந்தமாக்குகிறது. ஸ்ட்ரிங் அதிரும்போது சுருளுக்குள் காந்தப்பாயம் மாறி மின்னழுத்தம் பிறக்கிறது. எஃகு கூடினால் சிக்னலும் கூடும். இதுவரை அண்ணன் சொன்னது சரி.

மிச்சக் கணக்கை அவர் போடுவதே இல்லை. முதல் ஸ்ட்ரிங்கை 0.009 அங்குலத்திலிருந்து 0.013க்கு மாற்றினால் எஃகு இரண்டு மடங்கைத் தாண்டும். அதே சுருதிக்கு முறுக்கும்போது இழுவிசையும் அதே அளவு ஏறும். அதே பலத்தோடு மீட்டினால் ஸ்ட்ரிங் விலகும் தூரம் பாதிதான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கின கதை. லாபம் வேணும்னா ஓங்கி அடிக்கணும். மெல்லிய ஸ்ட்ரிங் அந்த அடிக்கு ஃப்ரெட்டில் மோதிப் படபடக்கும்; தடித்தது தாங்கும். அதாவது, நீங்கள் கேட்கிற கூடுதல் சத்தத்தில் பெரும்பங்கு கையுடையது.

தடிமனே எல்லாம் என்றால் மூன்றாவது ஸ்ட்ரிங் ஏன் ஒத்துழைப்பதில்லை? 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்த காலத்தில் அந்த இடத்தில் இருந்தது சுற்றுக்கம்பி. வெளியே தடிமன், உள்ளே மெல்லிய எஃகு. சத்தம் குறைவு என்பதால் அதற்கு நேரான காந்தத்தை உயர்த்தி வைத்தார்கள். இன்று அதே காந்தத்துக்கு மேல், அதைவிட மெல்லிய சுற்றில்லாத ஸ்ட்ரிங்கைப் போட்டால் மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு அதுதான் கத்துகிறது.

வானின் பதிமூன்றைச் சொல்பவர்கள் அவர் அரை ஸ்வரம் இறக்கி வாசித்ததைச் சொல்வதில்லை. அதிலேயே இழுவிசை சுமார் 11 சதவீதம் போய்விடும். ஹெவி மெட்டலின் கனத்த ஒலியை உருவாக்கிய டோனி அயோமி, பதினேழு வயதில் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். தடித்த ஸ்ட்ரிங்கை அவரால் அழுத்த முடியாது. பான்ஜோ ஸ்ட்ரிங் வரைக்கும் தேடிப்போனார். இஸட் இஸட் டாப்பின் பில்லி கிப்பன்ஸ் 0.007 போடுகிறார். அவர்கள் டோனைப் போய்க் கொசு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

தடித்த ஸ்ட்ரிங் பிடித்தால் தாராளமாகப் போடுங்கள். சுருதியை இறக்கி வாசிக்க அது நல்ல துணை. விறைப்பு கூடுவதால் மேலதிர்வுகள் மாறும், டோனும் மாறும், மறுக்கவில்லை. ஆனால் அதை ஆம்பளைத்தனத்துக்கான தேர்வாக்கி, விரல் வெடித்த புதியவர்களை மூலையில் கிட்டாரைச் சாத்திவைக்கச் செய்யாதீர்கள். சிக்னல் போதவில்லையா? ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் பிக்கப்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மீசைக்கு அங்கே வேலையில்லை.