புளியங்கொட்டைச் சிலம்பு

மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு பக்கம் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்களுக்கு இந்த மடலை எழுதவைத்தது ஒரு சாக்பீஸ் டப்பா.

போன ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்ணகி வழக்குரைத்த கதையைச் சொன்னேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "நாளைக்கு நீங்களே இதை நடிச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போனால் மேசைமேல் நாற்காலியை ஏற்றி அரியணை போட்டிருக்கிறார்கள். பாண்டியன் தோளில் யார் வீட்டுப் போர்வையோ கிடக்கிறது. சிலம்புக்குச் சாக்பீஸ் டப்பா. ஒலி வேண்டுமே என்று உள்ளே ஒரு பிடி புளியங்கொட்டை.

கண்ணகியாக நின்ற பெண் கத்தவே இல்லை. 1964இல் வந்த 'பூம்புகார்' படத்தில் விஜயகுமாரியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. கண்ணகி என்றாலே எனக்கு உயர்ந்த குரல்தான். இந்தப் பெண்ணோ முன்பெஞ்சைத் தாண்டாத குரலில் பேசினாள். நடுவில் நிறுத்தி, "கோபமாப் பேச வேண்டாமாம்மா?" என்று கேட்டேன். "எங்க அம்மாவுக்கு ரொம்பக் கோபம் வந்தா சத்தமே போட மாட்டாங்க டீச்சர்" என்றாள். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் டப்பாவைத் தரையில் அடித்தாள். புளியங்கொட்டை நாலாபக்கமும் தெறித்தது. கடைசிப் பெஞ்சுப் பையன்கள்கூட மூச்சுக் காட்டவில்லை.

பிறகுதான் சிலப்பதிகாரத்தைத் திறந்தோம். உடைந்த சிலம்பின் மணி மன்னன் வாயருகே தெறித்ததாக இளங்கோ சொல்லும் இடம் வந்தது. ஏன் வாய்? கண்ணில் பட்டிருக்கலாம், மார்பில் பட்டிருக்கலாம். பாண்டியனாக நடித்த பையன் போர்வையோடு எழுந்து, "கொன்னுட்டு வாங்கன்னு சொன்னது அந்த வாய்தானே டீச்சர்" என்றான். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய பழைய உரை ஊர்சூழ் வரியோடு நின்றுபோகிறது. அதற்கு அடுத்த காதையே வழக்குரை காதை. அதற்கு அவர் உரை நமக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்குப் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று உரை சொன்னான் என்றே நான் எண்ணுகிறேன். உட்கார்ந்து படித்திருந்தால் அவனுக்கு அது தோன்றியிருக்காது. அரியணையில் அமர்ந்து, கீழே நிற்பவளின் மெல்லிய குரலைக் கேட்டவனுக்குத்தான் தன் வாய் உறுத்தும்.

அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லா இருக்கு. ஆனா இதுல எத்தனை மார்க் கேள்வி வரும்?" என்று மட்டும் கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் வருத்தம்.

நாடகத்தைப் பற்றி நாம் என்ன கேட்கிறோம்? மனோன்மணீயத்தை எழுதியவர் யார், ஆண்டு எது, எத்தனை அங்கம், எத்தனை களம். சுந்தரம் பிள்ளை, 1891, ஐந்து, இருபது. பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் ஒரு களத்தையாவது எழுந்து நின்று பேசிப் பார்த்த பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை.

என் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. ஆயாவின் பக்கத்தில் கோணியை விரித்துப் படுத்துக்கொண்டு கூத்து பார்த்தவள் நான். கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. கர்ணன் சாவான் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கிடையாது. இருந்தும் விடியும்வரை ஏன் உட்கார்ந்திருக்கிறோம்? இந்தக் கூத்து ஜமா இந்தக் கர்ணனை எப்படிக் கட்டப்போகிறது என்று பார்க்கத்தான். கர்ண மோட்சக் கூத்தில் கர்ணனின் மனைவியாக வரும் பொன்னுருவி வியாசர் பாரதத்தில் இல்லாதவள். பிறப்பைச் சொல்லிக் கணவனை இகழ்பவளிடம் அவன் போருக்கு விடைபெற வந்து நிற்கும் காட்சியை, தேரோட்டி மகன் என்ற சொல் எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள்தான் உண்டாக்கியிருக்க முடியும்.

துகிலுரிதல் அன்று நான் கண்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி, அரிதாரத்தில் முகம் சிவந்து அடவு போட்டு வந்த துச்சாதனன், சேலையில் கை வைக்குமுன் சட்டென்று நின்றான். சூடம் ஏற்றினார்கள். திரௌபதி வேஷக்காரரின் காலில் விழுந்து கும்பிட்டு எழுந்தான். முகவீணை திரும்ப எடுத்ததும் அதே கை சேலையைப் பற்றியது. ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு மனிதன் ஒரே நேரத்தில் துச்சாதனனாகவும் அவன் செய்வதைப் பொறுக்காதவனாகவும் இருக்க முடியும் என்பதை எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் அப்படிக் காட்டியதில்லை. அதற்குள் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நுழைந்து, ஊரே கேட்க நினைத்த கேள்வியைத் துரியோதனனின் முகத்துக்கு நேராகக் கேட்டான்.

கட்டியங்காரன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் கூத்து இல்லை. பள்ளி நாடகத்தில் அவனைத்தான் காணவில்லை. நாம் பிள்ளைகளிடம் கேட்பதெல்லாம் விழிப்புணர்வு நாடகம்: டெங்கு, நெகிழி, சாலை விதி. எல்லாம் தேவையான செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் முடிவைப் பெரியவர்கள் முன்பே எழுதிவிடுகிறோம். பிள்ளை அதை ஒப்பிக்கிறது. குடித்துவிட்டு வரும் அப்பாவாக நடிப்பவன் தடுமாறி நடந்தால் போதும். அந்த அப்பா ஏன் அப்படி ஆனார் என்று யோசிக்க அவனுக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

வேறு வழிகளை நம்மவர்களே காட்டியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' மாணவர்கள் தேர்வெழுதும் பாடம். அங்கே பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது மாணவராக ஆடிய மௌனகுருவே பின்னாளில் அரங்கியல் பேராசிரியரானார். குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகள் ஆடிப்பாட நாடகம் எழுதிக்கொடுத்தார். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் பெயருக்காவது இருக்கின்றன. நாடக ஆசிரியர் என்றொரு பணியிடமே கிடையாது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அரங்கக்கலை படித்து வெளியே வருகிறவர்களுக்கு நம் பள்ளி வாசல் திறப்பதில்லை. முதலில் ஒன்றியத்துக்கு ஒருவர் என்றாவது தொடங்குங்கள். வாரம் ஒரு பாடவேளை கொடுங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் இரவல் போகாத பாடவேளையாக அது இருக்கட்டும். கூத்து இல்லாத மாதங்களில் கூலி வேலைக்குப் போகும் கூத்து வாத்தியார்கள் எங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை மரியாதையாக அழைத்து, முறையான ஊதியம் கொடுத்து, பிள்ளைகளோடு உட்காரவையுங்கள். மேடை கேட்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சொல்லும் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் எங்களுக்கு வேண்டாம். மேசையும் நாற்காலியும் போதும்.

தமிழ் வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியாவது விடைக்குறிப்பு இல்லாமல் வரட்டும். "மணி ஏன் வாயருகே தெறித்தது? நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கட்டும். திருத்துகிறவர்களுக்குச் சிரமம்தான். நானும் அவர்களில் ஒருத்தி. முப்பது விதமான விடைகளைப் படித்து மதிப்பெண் போடும் அந்தச் சிரமத்தை மனமாரப் படுவேன்.

கண்ணகியாக நின்ற பெண் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். போன வாரம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், ராஜா விழுந்ததுக்கு அப்புறம் கோப்பெருந்தேவி ஒரு வார்த்தைகூடப் பேசலையே. அவங்களுக்கு நான் வசனம் எழுதட்டுமா?" என்று கேட்டாள். காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாளைக்குக் கூப்பிட்டு எழுதச் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை