பத்திரமில்லாப் பிள்ளைகளுக்குப் பொது விசாரணை வேண்டும்

தோட்டப் பள்ளியில் நம்மோடு ஒரே பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை படித்தது. கணக்கில் படு கெட்டி. நாம் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் திக்கித் திணறும்போது அது கடகடவென்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடும். ஆறாம் வகுப்பு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் வேளையில், "சூராட் பெரானாக் எங்கே?" என்று கேட்டார்கள். இல்லை. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளை அது. பதிவுக்கு என்று அப்பன் டவுனுக்குப் போனால் அன்றைய பேரு போய்விடும், கூலியும் போய்விடும். நாளை நாளை என்று தள்ளிப் போட்டார். அப்படியே விட்டுப் போயிற்று. நாமெல்லாம் பஸ் ஏறினோம். அந்தப் பிள்ளை ஆயாக் கொட்டகையில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது.

அண்மையில் சங்க வேலையாக ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். அங்கே அவரைக் கண்டோம். கணவர் டிராக்டர் ஓட்டுகிறார், நீல ஐ.சி. வைத்திருக்கும் குடிமகன். கல்யாணம் மாரியம்மன் கோயிலில் ஊரறிய நடந்தது. மனைவிக்கு ஐ.சி. இல்லாததால் சட்டப்படி பதிவு செய்ய முடியவில்லை. மகளுக்கு இப்போது பதினைந்து வயது. அவளுக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. அதில் 'புக்கான் வார்கானெகாரா', அதாவது குடிமகள் அல்ல என்று அச்சாகியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் ஐ.சி. எடுக்கப் போனார்கள், இவள் மட்டும் வீட்டில் இருந்தாள்.

"அண்ணே, எனக்கு இல்லாமப் போனது போவட்டும். இவளுக்கும் இப்படி எழுதிட்டாங்களே, இவ என்ன பாவம் செஞ்சா?" என்று அந்தத் தாய் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

சட்டம் எங்கே இடறுகிறது?

முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. பதிவு இல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையைச் சட்டம் முறைப்படி பிறந்த பிள்ளையாக ஏற்பதில்லை. குடியுரிமை விஷயத்தில் அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தகப்பன் கணக்கில் இல்லை. தாய் மட்டுமே கணக்கு. தாய்க்குப் பத்திரம் இல்லாவிட்டால் பிள்ளைக்கும் இல்லை. தகப்பன் இந்த மண்ணில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்தவன் என்பது ஏட்டில் ஏறாது. வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறந்த பிள்ளைக்கு அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. சிறப்புச் சூழ்நிலையைக் காட்டி விண்ணப்பிக்க 15A பிரிவும் இருக்கிறது. ஆனால் முதல் வழிக்கு வழக்கறிஞரும் நீதிமன்றமும் வேண்டியிருக்கிறது. இரண்டாவது வழியில் மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வயது வரம்பு தாண்டினால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும்.

மலேசியா 1995-இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. பிறந்த உடனே பதிவு, பெயர், குடியுரிமை ஆகியவற்றைப் பிள்ளையின் உரிமை என்று சொல்வது அதன் 7-ஆவது விதி. சேரும்போதே அந்த விதிக்கு ஒதுக்கம் வைத்துத்தான் நம் அரசு சேர்ந்தது. ஏட்டுச் சுரைக்காயைக்கூட முழுசாகத் தரவில்லை.

ஏன் பொது விசாரணை?

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கவுன்டருக்குப் போகிறது. தனித்தனியே "இது இல்லை, அது இல்லை" என்று திரும்புகிறது. கவுன்டரில் சொன்ன வார்த்தைக்குப் பதிவு கிடையாது, பொறுப்பும் கிடையாது. நூறு குடும்பம் ஒரே வாரத்தில் அலைந்தாலும் அது நூறு தனிக் கஷ்டமாகவே நின்றுவிடுகிறது. எல்லாரையும் ஓரிடத்தில் உட்கார வைத்து, இலாகாவையும் எதிரே உட்கார வைத்தால்தான் அது ஒரு வழக்கமாகவே நடக்கும் தவறு என்று வெளியே தெரியும்.

இந்த முறைக்கு முன்னோடி உண்டு. இந்தியாவின் ராஜஸ்தானில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு கிராமத்துத் திடலில் ஜனங்களைக் கூட்டி, அரசாங்க வேலையின் கூலிப் பட்டியலைச் சத்தமாகப் படித்தது. பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் வேலைக்கே போயிருக்க மாட்டான். கூலி கொடுத்ததாக எழுதியிருக்கும், வாங்கியவன் கைக்கு வந்திருக்காது. "அது நான்தான், எனக்கு இவ்வளவு வரவில்லை" என்று ஆளே எழுந்து நின்று சொன்னான். செக்ரோல் என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு இதன் வலிமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் திடல்களில் தொடங்கிய இயக்கம்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை போனது.

நம் நாட்டிலும் இதற்கு இடம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் 597-ஆம் எண் சட்டப்படி அமைந்த மனித உரிமை ஆணையம், சுஹாகாம், புகார் வந்தாலும் வராவிட்டாலும் தானாகவே விசாரணை நடத்தலாம். சாட்சிகளை அழைக்கலாம், சத்தியம் செய்ய வைத்துக் கேட்கலாம். பூர்வகுடி மக்களின் நில உரிமை குறித்து நாடு தழுவிய விசாரணையை அது நடத்தியது. 18 பரிந்துரைகளோடு 2013-இல் அறிக்கை வந்தது. 2019-இல் அதே ஆணையத்தில் குழந்தைகளுக்கென்று தனி ஆணையரும் நியமிக்கப்பட்டார். ஆள் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் நாம்.

இன்னொரு வசதியும் உண்டு, தோட்டத்து ஜனங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் செல்லாத சாட்சியத்தையும் ஆணையம் ஏற்றுக்கொள்ளலாம். "இந்தப் பிள்ளை என் கையில்தான் பிறந்தது" என்று மருத்துவச்சி வாயால் சொல்வது அங்கே எடுபடும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டன, தோட்ட ஆஸ்பத்திரிகள் மூடிவிட்டன, பழைய ஏடுகள் கறையான் தின்றுவிட்டன. மிச்சமிருக்கும் ஒரே ஏடு கிழவிகளின் ஞாபகம்தான். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதைத் தள்ளிப் போட நேரமில்லை.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. ஆணையம் பரிந்துரைதான் செய்யும், உத்தரவு போடாது. நீதிமன்றத்தில் ஏற்கெனவே நடக்கும் வழக்கை அது தொடவும் முடியாது.

பிள்ளையைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம்

பொது விசாரணை என்றதும் நம்மவர்களுக்கு மேடை, மாலை, போட்டோ ஞாபகம் வருகிறது. ஒரு பிள்ளையை மைக் முன் நிறுத்தி அழவைத்து, மறுநாள் பத்திரிகையில் படம் போட்டால் வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. திங்கட்கிழமை அது பள்ளிக்கூடம் போக வேண்டாமா? 'முறைப்படி பிறக்காதது' என்ற சொல்லை அதன் முதுகில் ஒட்டி அனுப்பலாமா?

ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த குழந்தைப் பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை 57 பொது விசாரணைகளை நடத்தியது. அதே ஆணையம் 8,000-க்கும் மேற்பட்டவர்களின் கதையை மூடிய அறையில் தனியாகக் கேட்டது. பாதிக்கப்பட்டவர் அமைதியாகச் சொல்லத் தனி அறை, நிறுவனத் தலைவர்கள் பதில் சொல்லத் திறந்த மண்டபம். சுஹாகாமுக்கும் பொதுமக்களை அனுமதிக்கவோ விலக்கவோ அதிகாரம் உண்டு. ஆகவே நம் கோரிக்கை மூன்று.

ஒன்று: பிள்ளை பேச விரும்பினால் தனி அறையில், தன் மொழியில், தாயோ நம்பிக்கையான ஒருவரோ பக்கத்தில் இருக்கப் பேசட்டும். பெயர் வெளியே போகக் கூடாது.

இரண்டு: பதிவிலாகா, கல்வி இலாகா, சமூக நல இலாகா, தோட்ட நிர்வாகம் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் மனுக் கோப்போடு வந்து ஜனங்கள் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும். இந்த மனு எந்த மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்று தேதி சொல்ல வேண்டும்.

மூன்று: கூட்டம் கலைவதற்கு முன்பே அடுத்த அமர்வின் தேதியை அறிவிக்க வேண்டும். அன்று ஒவ்வொரு மனுவும் என்ன ஆயிற்று என்று பெயர் இல்லாமல் எண்ணைச் சொல்லிப் படிக்க வேண்டும். மறு தேதி இல்லாத விசாரணை திருவிழாக் கூட்டம்தான்.

நாமும் பதில் சொல்ல வேண்டும்

இலாகாவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பதிவுத் தாள் இருக்கிறதா என்று கேட்காமல் தாலி கட்ட இடம் கொடுத்த கோயில் கமிட்டிகள் எத்தனை? ரப்பர் பவுண்டுக்கு ஒரு காசு கூட்ட இரவு பகலாகப் பேசிய சங்கத்தார் நாம், பிள்ளையின் பத்திரத்துக்காக அரை நாள் சம்பளத்தோடு லீவு கேட்டோமா? கேட்கவில்லை. நம் பெஞ்சுத் தோழி பள்ளியை விட்டு நின்றபோது வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? அதுவும் இல்லை.

நமக்கு மட்டும் கேட்பதும் நியாயமில்லை. சபா செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களின் பிள்ளைகள் பத்திரமில்லாமல் வளர்கிறார்கள். நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தாம். விசாரணை நடந்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் அங்கே நாற்காலி போட வேண்டும்.

குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு அண்மைச் சாட்சியும் இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள் ஒன்று சேர்ந்தார்கள், நீதிமன்றம் போனார்கள், ஊரறியப் பேசினார்கள். 2024 அக்டோபரில் மக்களவை அவர்களுக்காக அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அவர்களுக்கு நம் வாழ்த்து. லயத்தில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் இன்னும் ஒன்றாக உட்கார்ந்து பேசவில்லை.

ஆகவே தோழர்களே, இப்போதே தொடங்குங்கள். தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளி விடுப்புக் கடிதம், தகப்பனின் பழைய சம்பளச் சீட்டு, எது கிடைத்தாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். மருத்துவச்சியும் அக்கம்பக்கத்தாரும் உயிரோடு இருக்கும்போதே சத்தியப் பிரமாணக் கடிதம் எழுதி வாங்குங்கள். புதிதாகப் பிறந்த பிள்ளை இருந்தால் 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். கிளைத் தலைவர்கள் தங்கள் தோட்டத்தில் பத்திரமில்லாப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிச் சங்க அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்தக் கணக்கோடுதான் ஆணையத்தின் கதவைத் தட்டப் போகிறோம்.

அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையும் கணக்கில் கெட்டி என்று அவள் தாய் சொன்னார். கேட்டபோது நமக்குத் தலை நிமிரவில்லை. தாயை விட்டுவிட்டோம். மகளையும் விடக் கூடாது.