சரளமாக வாசிப்பதும் விளங்கி வாசிப்பதும்



தடையின்றி வாசிக்கும் பிள்ளைக்குப் பொருள் விளங்கிவிட்டது என்றும், தடுமாறும் பிள்ளைக்கு அறிவு போதாது என்றும் முடிவுகட்டும் வழக்கம் நம் வளைகுடாக் குடும்பங்களில் வேரூன்றியுள்ளது. இவ்விரண்டும் காதால் கேட்ட ஓசையை மட்டுமே நம்பி வழங்கப்படும் தீர்ப்புகள்.

காசாவுக்குச் செல்லும் வழியில் எத்தியோப்பிய நிதியமைச்சர் எசாயாவின் நூலை வாசித்துக்கொண்டிருந்ததைப் பிலிப்பு கேட்டார் என்று திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. பிலிப்பு அவரது வாசிப்பைப் பாராட்டவில்லை. விளங்குகிறதா என்றே வினவினார். ரோமன் எழுத்தில் எழுதிவைத்துத் தமிழ் மன்றாட்டை அழகாக ஒப்புவிக்கும் நம் பிள்ளைகளிடம் அவ்வினாவை யார் கேட்கிறோம்?

1986-இல் கஃப், டன்மர் என்னும் இரு அறிஞர்கள், எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்புத்திறன் என்றனர். கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று சுழியமானால் மற்றொன்று எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

வழி எளிது. பிள்ளை முன்பு படித்திராத, ஏழெட்டு வரிக் கதையொன்றை வாசிக்கச் சொல்லுங்கள். இடையில் திருத்தாதீர்கள், பிழைகளை உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நூலை மூடிவிட்டுக் கதையைத் தன் சொற்களில் கூறச் செய்து, "ஏன்" என்றொரு வினாவும் கேளுங்கள். ஆங்கிலத்தில் விடை சொன்னாலும் ஏற்கலாம். சோதிப்பது பேச்சுத் தமிழையன்று. மறுநாள் அதே தரத்தில் வேறொரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டி, அவ்வாறே வினவுங்கள். கேட்கும்போது விளங்கி, வாசிக்கும்போது விளங்காவிடில் தடை எழுத்தில் இருக்கிறது. கேட்டும் விளங்காவிடில் அம்மொழிச் சொற்களே பிள்ளையிடம் இல்லை. அதற்கு மருந்து வீட்டுப் பேச்சேயன்றி எழுத்துப் பயிற்சியன்று.

கடிகாரம் வைத்து நிமிடத்திற்கு எத்தனை சொல் என்று எண்ணும் பெற்றோருக்கு ஒன்று கூற வேண்டும். "படித்துக்கொண்டிருந்தார்கள்" என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்திற்கு மூன்று. அக்கணக்கை இங்கே பொருத்துவது நீதியன்று. மேலும் கடல், தங்கம், பகல் ஆகியவற்றில் "க" மூவகையாய் ஒலிக்கிறது. அச்சொல்லைக் காதால் கேட்டறியாத பிள்ளை எவ்வொலியைத் தேர்ந்துகொள்ளும்? பள்ளியில் ஆங்கிலமும் அரபியும், பெரும்பாலும் இந்தியும் பயிலும் சிறுவனின் தடுமாற்றத்தில் இதற்கும் பங்குண்டு.

தமிழில் மட்டும் எழுத்து தடுக்குமாயின் பெரும்பாலும் பயிற்சிக் குறைவே. கேட்டதெல்லாம் விளங்கியும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்து தடுக்குமாயின், பள்ளியிலுள்ள சிறப்புக் கல்வியாளரிடம் தாமதமின்றிச் செல்லுங்கள். கட்டணம் கூடுமே, உறவினர் அறிவரே என்று மறைக்கும் பெற்றோரை நான் அறிவேன். அவர்களது அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு விலை கொடுப்பது பிள்ளை. மாற்றுத்திறனாளிகளை 2017 முதல் "மனவுறுதி உடையோர்" என அழைக்கும் நாட்டில் வாழ்ந்துகொண்டு, நாம் வீட்டுக்குள் "மக்கு" என்று அழைக்கிறோம்.

இம்மாணவனை ஊருக்கு அனுப்பி விடுதியில் சேர்ப்பதே தீர்வு எனத் தீர்மானித்திருப்போர், பயணச்சீட்டு எடுக்குமுன் இவ்விரு நாள் சோதனையைச் செய்யுங்கள். குறித்த தாளுடன் திருப்பலிக்குப் பின் என்னிடம் வாருங்கள்; பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டே பேசுவோம்.