"ஒரு ஊசி போடுங்க டாக்டர், பாட்டு முடிஞ்சா போதும்"

1/
போன மாசம் ஓபியில் ஒரு அப்பா தன் மகனைக் கூட்டிட்டு வந்தார். பையனுக்கு 13 வயசு. அப்பா ஊர் ஊரா நாடகத்துக்கு ஹார்மோனியம் வாசிக்கிறவர். அடுத்த வாரம் திருவிழா, வள்ளி திருமணம் நாடகம். பையன் பாலமுருகனா வந்து நாலு பாட்டு பாடணும்.
(அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
"மூணு மாசமா குரல் கட்டியிருக்கு சார். ரெண்டு இடத்துல ஊசி போட்டாச்சு. மெடிக்கல்ல கேட்டு மாத்திரையும் குடுத்தேன். கேக்கல. நீங்க நல்ல ஊசியா ஒண்ணு போடுங்க. திருவிழா முடியிற வரைக்கும் தாங்குனா போதும்."
பையன் ஒண்ணும் பேசல. தரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான்.

3/
நான் அந்த ஊசியைப் போடல. ஏன்னு அவர்கிட்ட பத்து நிமிஷம் சொன்னேன். வெளியே நூறு பேர் வரிசையில் நின்னாங்க, அதனால பாதிதான் சொல்ல முடிஞ்சது. மீதியை இங்கே எழுதுறேன். பாடுற பிள்ளை உங்க வீட்டில் இருந்தால் முழுசா படிங்க. கொஞ்சம் நீளமான த்ரெட்.

4/
முதலில் குரல் எப்படி வருதுன்னு பார்ப்போம்.
கழுத்தில் கை வைத்தால் தட்டுப்படுகிற குரல்வளைக்குள் ரெண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கு. குரல் நாண்கள்னு சொல்றோம். நுரையீரலில் இருந்து காற்று மேலே வரும்போது இந்த ரெண்டும் ஒன்றோடு ஒன்று தட்டித் தட்டி அதிரும். அந்த அதிர்வுதான் குரல்.

5/
பிறந்த குழந்தைக்கு இந்த நாண் சில மில்லிமீட்டர் நீளம்தான். வளர்ந்த பெண்ணுக்கு சுமார் 1 முதல் 1.5 சென்டிமீட்டர். ஆணுக்கு 1.5 முதல் 2 சென்டிமீட்டர்.
நீளம், தடிமன் கூடக்கூட அதிர்வு மெதுவாகும், குரல் இறங்கும். தம்புராவில் தடித்த தந்தி கீழ் ஸ்வரம் தருகிற அதே கதைதான்.

6/
நீளம் மட்டும் இல்லை. பெரியவர்களின் நாண் பல அடுக்குகளால் ஆனது. அடியில் தசை, நடுவில் நார் மாதிரி உறுதியான ஒரு பகுதி, மேலே ஜெல்லி மாதிரி மென்மையான உறை. குழந்தைக்குப் பிறக்கும்போது இந்த அடுக்குகள் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா உருவாகி, பதின்ம வயதில்தான் பெரியவங்க மாதிரி அமைப்புக்கு வருது.
அதாவது 10 வயசுப் பிள்ளை அருமையா பாடலாம். ஆனா அது பாடுற கருவி இன்னும் கட்டி முடிக்காத கருவி.

7/
இப்போ ஒரு கணக்கு. ஐந்து கட்டை சுருதியில் ஒரு பிள்ளை மேல் ஷட்ஜமத்தைப் பிடிச்சா, நாண்கள் ஒரு நொடிக்கு சுமார் 390 தடவை மோதிக்கொள்கின்றன. மேல் பஞ்சமம் வரைக்கும் போனால் சுமார் 590. அங்கேயே நின்னு ஒரு நிமிஷம் கார்வை கொடுத்தால் 35 ஆயிரம் தடவை.
ரெண்டு கையையும் 35 ஆயிரம் தடவை தட்டினால் உள்ளங்கை என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

8/
சரியான மூச்சோடு, தேவையான அளவுக்குப் பாடினால் நாண் இதைத் தாங்கும். அதுக்காகவே அமைந்த உறுப்பு அது. ஆனா கத்திப் பாடினால், சளி இருமலோடு பாடினால், ஓய்வே இல்லாமல் பாடினால் வீங்கும். வீங்கின நாணை வெச்சுக்கிட்டே திரும்பத் திரும்பப் பாடினால், தட்டுகிற இடத்தில் காய்ப்பு காய்க்கும்.
மண்வெட்டி பிடிக்கிறவர் கையில் காய்ப்பு வருமே, அதே மாதிரி. இதைத்தான் பாடகர் முடிச்சுன்னு சொல்றோம்.

9/
நாடகப் பாட்டில் இது இன்னும் சிக்கல். கச்சேரியில் உட்கார்ந்து பாடலாம். நாடகத்தில் ஓடணும், அழணும், கோபப்படணும், வசனத்தைக் கத்தணும், அந்த மூச்சிரைப்போடவே பாட்டை எடுக்கணும். பல பிள்ளைகளுக்குப் பாட்டை விட அந்தக் கத்துற வசனம்தான் அதிகமா கெடுதல் பண்ணுது.

10/
"இப்பதான் மைக் இருக்கே டாக்டர்?"
இருக்கு. ஆனா ஸ்பீக்கர் கூட்டத்தைப் பார்த்து இருக்கு. மேடையில் நிற்கிற பிள்ளைக்கு மிருதங்கமும் ஆல்ரவுண்டும் ஹார்மோனியமும்தான் கேட்கும், தன் குரல் கேட்காது. சத்தத்துக்கு நடுவில் நின்னா மனுஷன் தானாகவே குரலை உயர்த்துவான். பஸ் ஸ்டாண்டில் போன் பேசும்போது நாம கத்துறோமே, அது மாதிரி.

11/
இனி 13 வயசு விஷயத்துக்கு வருவோம்.
பையன்களுக்குச் சுமார் 12 முதல் 15 வயசுக்குள் குரல்வளை வேகமா வளரும். சில மாதங்களில் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். நேத்து வரை எட்டின ஸ்வரம் இன்னைக்கு எட்டாது. பேசும்போதே கீச்சுன்னு உடையும். இதுக்கு நாடகக்காரங்க வெச்ச பேரு மகரக்கட்டு.
வியாதி இல்லை. மீசை முளைக்கிற மாதிரி இதுவும் ஒரு வளர்ச்சி.

12/
பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், பல பேருக்கு இது தெரியாது. ரெண்டு மூணு ஸ்வரம் இறங்கும். சில மாதங்கள் குரலில் காற்று கலந்த மாதிரி இருக்கும், மேல் ஸ்தாயி நிலையா நிற்காது. "முன்ன மாதிரி பாட மாட்டேங்குறா, கவனம் இல்லை"ன்னு திட்டு வாங்குவது இந்த வயசில்தான்.

13/
என்கிட்ட வந்த பையனுக்குக் காய்ச்சல் இல்லை. தொண்டையில் சீழ் இல்லை. ஒரே வருஷத்தில் நல்லா உயர்ந்திருக்கான். குரல்வளை முன்னால் தள்ளித் தெரியுது. பேச்சு பாதியிலேயே உடையுது.
ஆனாலும் மூணு மாசக் கரகரப்பை நாணைப் பார்க்காமல் "வயசுதான்"னு சொல்லி அனுப்பக் கூடாது. நான் எம்பிபிஎஸ் டாக்டர், நாணைக் குழாய் விட்டுப் பார்ப்பவர் காது மூக்கு தொண்டை டாக்டர். எங்க ஆஸ்பத்திரியிலேயே சீட்டு மாத்தி அனுப்பினேன்.

14/
அவங்க பார்த்துச் சொன்னது: முடிச்சு இல்லை. நாண்கள் சிவந்து வீங்கியிருக்கு. குரல் மாறுற பருவம், அதுக்கு மேல அளவுக்கு மீறின பயிற்சி.
எட்டாத அதே பழைய சுருதியை எட்டணும்னு பையன் தினமும் ரெண்டு மணி நேரம் கத்தியிருக்கான். "சாதகம் பத்தல"ன்னு அவனுக்குச் சொல்லியிருக்காங்க.

15/
இப்போ அந்த ஊசி.
பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. வீக்கத்தை வேகமா குறைக்கும். குரலும் திறந்த மாதிரி இருக்கும். ஆபத்தே அதுதான். அடிபட்ட நாண் ஆறியிருக்காது. ஆறிடுச்சுன்னு நம்பிப் பிள்ளை முழு வேகத்தில் பாடும். சில நேரம் நாணுக்குள்ளேயே ரத்தம் கசியலாம். சுளுக்கின காலுக்கு மரத்துப்போக ஊசி போட்டு ஓட்டப்பந்தயத்தில் விடுற மாதிரி.
நாணை நேரில் பார்த்து, தேவைன்னா ஈஎன்டி டாக்டர் முடிவு பண்ண வேண்டிய மருந்து அது. மெடிக்கல் கவுண்டரில் கேட்டு வாங்குற மருந்து இல்லை.

16/
இதை நான் யாரையும் குத்தம் சொல்ல எழுதல. நானே செஞ்சிருக்கேன்.
படிச்சு முடிச்ச புதுசில் ஒரு தனியார் கிளினிக்கில் நைட் டியூட்டி. பாட்டுப் போட்டிக்குப் போற 10 வயசுப் பெண் குழந்தை. குரல் கம்மல். அம்மா கெஞ்சினாங்க. ஊசி போட்டேன். குழந்தை பாடி பரிசும் வாங்கிச்சு. அம்மா ஸ்வீட் கொண்டு வந்து கொடுத்தாங்க.

17/
நாலு மாசம் கழிச்சு அதே குழந்தை வந்துச்சு. பேசினாலே கரகரன்னு இருந்துச்சு. ஈஎன்டியில் பார்த்தப்போ ரெண்டு நாணிலும் முடிச்சு. என் ஒரு ஊசிதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா "இந்தக் குழந்தை பாடுறதை நிறுத்தி ஓய்வெடுக்கணும்"னு சொல்லியிருக்க வேண்டிய நாளில் நான் ஊசி போட்டேன். அந்த ஸ்வீட் இன்னும் தொண்டையில் நிக்குது.

18/
ஒரு ஆறுதல்: குழந்தைகளுக்கு வர்ற முடிச்சுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை. குரலைப் பயன்படுத்தும் விதத்தை மாத்துற பயிற்சி, ஓய்வு, பொறுமை இருந்தால் பலருக்குச் சரியாகும். ஆனா அதுக்கு மாதக்கணக்கில் ஆகும். போட்டித் தேதி அதுக்காகக் காத்திருக்காது. எல்லாப் பிரச்னையும் அங்கேதான் ஆரம்பிக்குது.

19/
அந்த அப்பா ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "அந்தக் காலத்துல பாய்ஸ் கம்பெனியில சின்னப் பசங்கதானே சார் விடிய விடிய பாடுனாங்க? மைக்கே இல்லாம. கிட்டப்பா பாடலையா?"
பாடினார். எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக்கு இன்னைக்கும் ரசிகர்கள் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய சபையில் நடிச்சதும் சிறுவர்கள்தான். எம்.ஜி.ஆர்., சிவாஜி ரெண்டு பேரும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவங்க.

20/
ஆனா நமக்குத் தெரிஞ்சது தப்பிச்சு மேலே வந்தவங்க பேர் மட்டும்தான். மகரக்கட்டு வந்ததும் பாட்டு வேஷம் போய், எடுபிடி வேலை பார்த்து, ஒரு நாள் ஊருக்குத் திரும்பின பிள்ளைகளின் பேர் எந்த நோட்டீசிலும் இல்லை. பத்துப் பேர் ஆத்தில் குதிச்சு ஒருத்தன் நீந்திக் கரையேறினால், அந்த ஒருத்தனைக் காட்டி "ஆறு ஆழமில்லை"ன்னு சொல்ல முடியுமா?

21/
ஐரோப்பாவில் இதை விடக் கொடுமை நடந்திருக்கு. பையனின் உச்சக் குரல் போயிடக்கூடாதுன்னு, குரல் மாறுவதற்கு முன்னாடியே விதைகளை அகற்றிவிடுவாங்க. காஸ்ட்ராட்டோ என்று பெயர். 18-ம் நூற்றாண்டில் அவங்கதான் ஆபராவின் நட்சத்திரங்கள். அதில் பெரும் புகழ் பெற்றவர் ஃபாரினெல்லி.
பிள்ளையின் குரல் மேல் பெரியவர்களுக்கு வர்ற ஆசை எதுவரைக்கும் போகும் என்பதற்கு இதுக்கு மேல் உதாரணம் வேண்டாம்.

22/
இன்னைக்கு அதே ஐரோப்பாவில் என்ன செய்றாங்க? லண்டனில் 2011-ல் மட்டில்டா என்ற இசை நாடகம் பெரிய அரங்குக்கு வந்தது. மேடையை முழுசா சுமக்கிற சிறுமி வேஷம். அதை ஒரே பிள்ளை தினமும் செய்யல. நாலு சிறுமிகள் முறை வெச்சு மாறி மாறி நடிச்சாங்க. 2012-ல் ஆலிவியர் விருதையும் நாலு பேருக்கும் சேர்த்தே கொடுத்தாங்க. பில்லி எலியட் நாடகத்திலும் மூணு பையன்கள் பகிர்ந்து நடிச்சு, விருதையும் பகிர்ந்துகிட்டாங்க.

23/
நாம இதைச் செய்யக் காசு தேவையில்லை. ஸ்கூல் ஆண்டு விழா நாடகத்தில் பாட்டு வேஷத்தை ரெண்டு பிள்ளைகளுக்குப் பிரிச்சுக் கொடுங்க. ஒத்திகையில் தினமும் முழுக் குரலில் பாட வைக்காதீங்க. எல்லாத்துக்கும் மேல, சுருதியை இறக்குங்க.
சினிமாப் பாட்டின் அதே கட்டையில்தான் பாடணும்னு எந்தச் சட்டமும் இல்லை. கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் முடிஞ்சது.

24/
நிஜமாகவே சட்டம் சொல்றது வேற. 14 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வைத்து டிவி நிகழ்ச்சியோ வணிக நிகழ்ச்சியோ நடத்த மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகச் செய்யக் கூடாது. 2017-ல் வந்த விதிகள் இவை. இரவு முழுக்க விழிச்சிருந்து பாடுற பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க.

25/
வீட்டில் கவனிக்க வேண்டியவை:
• 3 வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் ஈஎன்டி டாக்டரைப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இலவசம்.
• பாடி முடிச்சதும் தொண்டை வலிச்சால், கழுத்து நரம்பு புடைச்சால் அந்தச் சுருதி அவனுக்கு அதிகம்.
• மூச்சு விடும்போது சத்தம், மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

26/
• தேன், மிளகு, கற்கண்டு தொண்டைக்கு இதமா இருக்கும். ஆனா முழுங்குற எதுவும் நாண் மேல் படாது. அது உணவுக்குழாயில் போயிடும். (1 வயசுக்குள் தேன் கொடுக்கவே கூடாது.)
• நாள் முழுக்கத் தண்ணீர் குடிச்சால் உடம்பு வழியா நாணுக்கு ஈரம் போகும்.
• குசுகுசுன்னு பேசுறது ஓய்வு இல்லை. பேசாம இருப்பதுதான் ஓய்வு.
• நடுராத்திரி புரோட்டா தின்னுட்டு உடனே படுத்தால் வயித்து அமிலம் மேலே ஏறி நாணை அரிக்கும்.
• சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் பாட்டுக்கு லீவு.

27/
குரல் மாறும் பருவத்தில் பாட்டையே நிறுத்தணுமா? வேண்டாம். வசதியா வர்ற நாலஞ்சு ஸ்வரத்துக்குள், மெதுவா, குறைந்த நேரம் பாடலாம். வலிச்சால் நிறுத்தணும். குரல் நிலைக்கப் பல மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அதுவரை அவனை மேடையில் பழைய குரலோடு ஒப்பிடாதீங்க. மாறி வர்ற குரல்தான் ஆயுசு முழுக்க அவன் குரல்.

28/
அன்னைக்குக் கிளம்பும்போது பையன் முதல் தடவையா வாயைத் திறந்தான். "சார், எனக்கு இனிமே பாட்டு வராதா?"
மூணு மாசமா யாரும் அவன்கிட்ட மகரக்கட்டு பத்தி விளக்கவே இல்லை. தன் குரல் செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கான். "வரும் தம்பி. வேற குரலா வரும். உங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு, கேட்டுப் பாரு"ன்னேன். அப்பா தலையைத் திருப்பிக்கிட்டார்.

29/
ரெண்டு வாரம் கழிச்சு அப்பா மட்டும் தன் பிரஷர் மாத்திரைக்கு வந்தார். திருவிழா எப்படிண்ணே போச்சுன்னு கேட்டேன். "நாலு பாட்டுல ரெண்டை எடுத்துட்டேன் சார். மீதியை இறக்கி வாசிச்சேன். கூட்டத்துல ஒருத்தன் 'சத்தமா பாடுறா'ன்னான். எனக்குக் கோவம் வந்துருச்சு." கொஞ்சம் நிறுத்திட்டுச் சொன்னார்: "இப்ப ஹார்மோனியம் கத்துக்குடுக்குறேன். குரல் வர்ற வரைக்கும் கை சும்மா இருக்க வேண்டாம்ல."

30/
எனக்கு இதை விட நல்ல மருந்துச் சீட்டு எழுதத் தெரியாது.
பிள்ளை பாடும்போது கைதட்டுற நாம எல்லாரும், அது "இன்னைக்கு முடியல"ன்னு சொல்லும்போதும் கேட்கணும். திருவிழா அடுத்த வருஷமும் வரும். போட்டியும் வரும். நாண் ரெண்டுதான், மாத்த முடியாது.
உங்க ஊர் பாட்டு டீச்சருக்கும் ஆண்டு விழா நடத்துற ஆசிரியருக்கும் இதை அனுப்புங்க.